மூன்று ஓட்டைகள், ஒரு பைபர் படகு: பழுதுபார்ப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமத்தின் படகு இது. நீளம் 28 அடி, பின்னால் அவுட்போர்டு எஞ்சின், நாலு பேர் வலைக்குப் போகிற சாதாரண பைபர் படகு. ஐப்பசி அடைமழையில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது முகத்துவாரத்துக்கு உள்ளே கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. கரை அரிக்காமல் இருக்கக் கொட்டியிருந்த கருங்கற்கள் மேல் இரவு முழுக்க மோதிக்கொண்டே கிடந்திருக்கிறது. பக்கத்துப் படகின் நங்கூரமும் தன் பங்குக்கு விலாவில் ஒரு குத்து குத்தியிருந்தது. காலையில் டிராக்டர் வைத்து இழுத்துக் கரையேற்றினார்கள்.

"ரெண்டு ஓட்டை தம்பி, சின்னது தான். ஒரு கிலோ ரெசின் போதும், நாளைக்கே இறக்கிடலாம்" என்று உரிமையாளர் போனில் சொன்னார். போய்ப் படகைச் சுற்றிப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. எஞ்சின் தொங்கும் பின்பலகையில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, 8 மி.மீ. துளை. மீன் காட்டும் கருவியின் சென்சாரை இடம் மாற்றிப் பொருத்தியபோது மிஞ்சிய பழைய ஸ்க்ரூ துளை அது. சிலிக்கான் பசை பிதுக்கி அடைத்திருந்தார்கள். அதை அவர் ஓட்டைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கடைசியில் அதிக வேலை வாங்கியது அந்தச் சுண்டுவிரல் துளைதான். ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் பழுதின் அளவைத் தீர்மானிக்கும். இந்தப் படகில் அது மூன்று விதமாகத் தெரிந்தது. எழுதி வைக்கக் காரணமும் அதுதான்.

முதலில் தட்டிப் பார்த்தது

பைபர் படகு இந்தக் கடற்கரைக்கு 2004 சுனாமிக்கு முன்பே வந்துவிட்டது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1980களில் சென்னையை மையமாக வைத்து, கரையிலேயே ஏறி இறங்கும் படகுகளை பைபரில் வடிவமைத்துப் பார்த்தது. ஆனால் கட்டுமரம் ஒதுங்கி, பைபர் வரிசைகட்டி நிற்க ஆரம்பித்தது சுனாமி நிவாரணத்துக்குப் பிறகுதான். அந்த அவசரத்தில் கட்டிய படகுகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஒன்றில் அடிப்பகுதி கனமாக இருக்கும், இன்னொன்றில் இழைகளைப் பிடித்து இறுகும் பசையான ரெசினே அதிகமாக இருந்து கண்ணாடி இழை குறைவாக இருக்கும். அதனால் பழுதுக்கு வரும் படகின் கனத்தை நான் யார் சொல்லியும் எடுத்துக்கொள்வதில்லை. உடைந்த விளிம்பில் காலிப்பர் வைத்து அளப்பேன். இதில் அடியில் 7 மி.மீ., விலாவில் 5 மி.மீ. இரண்டுமே நடுவில் மரமோ ஃபோமோ இல்லாமல், மேட்டும் (கண்ணாடி இழைத் துணுக்குகளைப் பசையால் சேர்த்த பாய்) ரோவிங்கும் (முரட்டு இழையில் நெய்த துணி) மட்டும் அடுக்கிய ஒற்றைச் சுவர். பின்பலகை மட்டும் வேறு: 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, இரு பக்கமும் பைபர் போர்த்தியது.

அடுத்து தட்டல். சுத்தியின் கைப்பிடி முனையால் ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'டக் டக்' என்று இறுக்கமான சத்தம் வரும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் மழுங்கிவிடும். கல் குத்திய ஓட்டை கண்ணுக்கு 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். மழுங்கிய சத்தமோ அதைச் சுற்றி உள்ளங்கையளவுக்குக் கேட்டது. அந்த எல்லையைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணே, ஓட்டை இது இல்ல, இதுதான் ஓட்டை" என்று கோட்டைக் காட்டியதும், ஒரு கிலோ ரெசின் பேச்சு அதோடு நின்றது.

கல் குத்திய ஓட்டை

இது அணியத்துக்கு (படகின் முன்முனை) கொஞ்சம் பின்னால், அடியும் விலாவும் சேரும் வளைவில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் நேர் மேலே மீன் பெட்டி. பெட்டியின் தரைக்கும் படகின் அடிக்கும் நடுவே மிதப்புக்காக ஃபோம் அடைத்து மூடியிருந்தார்கள். உள்பக்கத்திலிருந்து கையே போகாது.

இப்படிப்பட்ட ஓட்டையை வெளியிலிருந்து மட்டுமே அடைக்க ஒரு வழி உண்டு. ஓட்டையைவிடப் பெரிதாக, இரண்டு அடுக்கு மேட்டில் மெல்லிய நீள்வட்டத் தட்டு ஒன்றைத் தனியாக வார்க்க வேண்டும். அதன் நடுவில் கம்பி ஒன்றைக் கோர்த்து, ஓட்டையின் நீளவாக்கில் சாய்த்து உள்ளே நுழைத்துத் திருப்ப வேண்டும். விளிம்பில் ரெசின் புட்டி பூசிக் கம்பியை வெளியே இழுத்துக் கட்டிவிட்டால் அது உள்பக்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் கம்பியை வெட்டிவிட்டு அதன்மேல் அடுக்கலாம். நல்ல உத்திதான். உரிமையாளரும் அதைத்தான் கேட்டார், மீன் பெட்டியை வெட்ட அவருக்கு மனசில்லை.

நான் சம்மதிக்கவில்லை. ஓட்டை வழியாக விரலை விட்டு ஃபோமை அழுத்தினால் தண்ணீர் கொப்பளித்து வந்தது. ஊறிய ஃபோமை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே என்ன ஒட்டினாலும், பின்னாலிருந்து ஈரம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். பாலியஸ்டர் ரெசின் ஈரத்தின் மேல் பிடிக்காது. பிடித்தது போலத் தெரியும், முதல் அலையில் தட்டோடு கழன்று வரும். அதுவும் போக, ஊறிய ஃபோம் மிதப்பு தராது, எடையைத்தான் கூட்டும். கடைசியில் மீன் பெட்டித் தரையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டினோம். ஊறிய ஃபோமைத் துண்டு துண்டாகப் பிய்த்து எடுத்தோம். வெட்டிய இடத்தில் பிறகு திருகு மூடி ஒன்றைப் பொருத்தியதால், அது இழப்பாக இல்லாமல் பார்வைத் துளையாகிவிட்டது.

அடுத்த பிரச்சினை கிரீஸ். கரையேற்றும்வரை தண்ணீர் புகாமல் இருக்க, துணியில் கிரீஸ் தடவி ஓட்டைக்குள் திணித்திருந்தார்கள். அந்த நேரத்தில் அது சரியான முடிவு, படகைக் காப்பாற்றியது. மர வள்ளங்களுக்குப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் வைத்து இடுக்கு அடைத்த பழக்கத்தின் தொடர்ச்சி அது. ஆனால் உடைந்த பைபரின் இழைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியே கிரைண்டரைப் போட்டால் கிரீஸ் சுற்றிலும் தேய்ந்து பரவும். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், காய்ந்தபின் அசிட்டோன். ஒரு துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக்கொண்டிருந்தால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. இவ்வளவுக்கும் பிறகுதான் கிரைண்டர்.

காய வைப்பதுதான் பொறுமையைச் சோதித்தது. உப்புத் தண்ணீரை விட்டுவிட்டால், உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவித்தான் காய விட வேண்டும். மழைக்காலம் வேறு. மேலே தார்ப்பாய் கட்டி, உள்ளே ஒரு ஹாலஜன் விளக்கை எட்ட வைத்து எரிய விட்டோம். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி: பாலிதீன் தாளை அந்த இடத்தில் பரப்பி நாலு ஓரமும் டேப் ஒட்டி, வெயில் படும்படி விட்டுவிடுவது. உள்பக்கம் ஆவி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முதல் தடவை பனித்துளி போலப் படிந்தது. தாள் காய்ந்தே இருக்கும் நாள் வரும்வரை மேட்டைக் கையில் எடுக்கவில்லை. உரிமையாளர் தினமும் வந்து தாளைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பார். கடலுக்குப் போகாத நாளெல்லாம் அவருக்கு நஷ்டம், அந்த அவசரம் நியாயமானது. இருந்தாலும் மறுபடி வரும் பழுதுகளில் நான் பார்த்தவரை அதிகம் காரணமாக இருப்பது ரெசினோ மேட்டோ இல்லை, இந்த ஈரம்தான்.

பிரிந்த அடுக்குகளை எல்லாம் வெட்டி எடுத்ததும் ஓட்டை 11 செ.மீ.க்கு 9 செ.மீ. நீள்வட்டம் ஆனது. மூலைகள் கூர்மையாக இருந்தால் விசை அங்கேதான் கூடும், அதனால் வட்டமாகவே வெட்ட வேண்டும். பிறகு சரிவு. தண்ணீருக்குக் கீழே, பாலியஸ்டர் ரெசினில் செய்வதென்றால் கனத்தைப் போல 12 மடங்கு சரிவு வேண்டும். 7 மி.மீ. கனத்துக்கு 84 மி.மீ., அதாவது ஓட்டையைச் சுற்றி எட்டரை செ.மீ. அகலத்துக்குக் கிண்ண விளிம்பு போலச் சரித்துத் தேய்க்க வேண்டும். 36 நம்பர் எமரி வட்டத்தில் தொடங்கி 60-ல் முடித்தோம். ஆக, நாலு விரல் ஓட்டைக்கு 28 செ.மீ. நீளமும் 26 செ.மீ. அகலமும் உள்ள ஒட்டு. பார்க்கிறவர்களுக்கு இது நல்ல பைபரையும் கெடுக்கிற வேலையாகத்தான் தோன்றும். ஆனால் பழைய பைபருக்கும் புதியதுக்கும் நடுவே வேதிப்பிணைப்பு பெரிதாகக் கிடையாது. புதிய ரெசின் தேய்த்த பரப்பைப் பசை போலப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிமானம். நேர்வெட்டு ஓட்டைக்குள் மேட்டை அடைத்தால் அது மூடிதான், சுவர் ஆகாது.

உள்ளே, மெழுகு பூசிய சன்மைக்கா துண்டு ஒன்றை வளைவுக்கு ஏற்ப வளைத்து, பார்வைத் துளை வழியாக ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்தோம். வெளியிலிருந்து அடுக்க அது அச்சாகிறது. அடுக்கு முறை: 450 மேட் இரண்டு, ரோவிங் ஒன்று, மேட் ஒன்று, ரோவிங் ஒன்று, மேட் இரண்டு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தரும், 610 கிராம் ரோவிங் முக்கால் மி.மீ.க்குச் சற்று மேல். வெளியே பூசும் நிற மேற்பூச்சான ஜெல்கோட்டையும் சேர்த்தால் 7 மி.மீ. வந்துவிடும். தேய்த்த பரப்பைத் தொடும் முதல் அடுக்கு எப்போதும் மேட்டாகவே இருக்க வேண்டும். முரட்டு ரோவிங்கை நேராக வைத்தால் அதன் நெசவுக் குழிகளில் ரெசின் மட்டும் தேங்கி நிற்கும், பிடிமானம் குறையும்.

எந்தத் துண்டு முதலில் என்பதில் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு: சின்னது அடியில், பெரியது மேலே. நான் பெரியதை முதலில் வைக்கிறேன். பெரிய துண்டு சரிவு முழுவதையும் ஒரே தடவையில் தொட்டுப் பிடிக்கிறது. கடைசியில் மட்டமாகத் தேய்க்கும்போது வெட்டுப்படுவது மேலே உள்ள சின்னத் துண்டுகள்தான், பிடித்துக்கொண்டிருக்கும் பெரிய அடுக்கு தப்பிவிடும். சின்னதை அடியில் வைத்தால் நடப்பது நேர்மாறு: ஆசையாகப் போர்த்திய பெரிய துண்டைக் கிரைண்டர் தின்றுவிடும்.

ரெசின் கணக்கைச் சொன்னால் உரிமையாளரே சிரித்தார். மேட்டின் எடையைப் போல இரண்டேகால் மடங்கு, ரோவிங்குக்குச் சம எடை என்று வைத்தாலும் இந்த ஒட்டுக்கு அரைக் கிலோகூடத் தேவைப்படவில்லை. 100 கிராம், 150 கிராம் என்று சின்னச் சின்னதாகத்தான் கலந்தோம். வாங்கியது கோபால்ட் சேர்க்காத ரெசின். முதலில் ஊதா நிற கோபால்ட் முடுக்கியைக் கலந்து நன்றாகக் கலக்கியபின், கடைசியாக ரெசினை இறுக வைக்கும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதத்துக்குள். அளக்க மருந்துக்கடை சிரிஞ்ச் போதும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்ச்சைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வை போகும் அபாயம் உண்டு. கண்ணாடி போட்டுக்கொள்வதும், தெறித்துவிட்டால் கால் மணி நேரமாவது தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுவதும் கட்டாயம்.

முதல் மூன்று அடுக்கை ஒன்றன்மேல் ஒன்றாக ஈரமாகவே வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைத்து, பள்ளம் போட்ட இரும்பு ரோலரால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். அது இறுகிச் சூடு தணிந்த பிறகு மீதி. ஏழு அடுக்கையும் ஒரே மூச்சில் வைத்தால் உள்ளே சூடு ஏறி, ஒட்டு சுருங்கி விளிம்பில் இழுக்கும், புகைகூட வரும். அடுக்குவதை மறுநாளுக்குத் தள்ளாமல் அன்றே முடித்தது இன்னொரு காரணத்துக்காக. சாதாரண லேமினேட்டிங் ரெசின் காற்று படும் மேற்பரப்பில் கொஞ்சம் பிசுபிசுப்பாகவே நிற்கும், அடுத்த அடுக்கு அதில் நன்றாகப் பிடிக்கும். முழுக்க இறுகிய பின் என்றால் மறுபடி தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

சன்மைக்காவை எடுத்துவிட்டு உள்பக்கமும் இரண்டு அடுக்கு மேட் போட்டோம். வெளியே மட்டமாகத் தேய்த்து, மெழுகு கலந்த ஜெல்கோட். மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுப்பதால் பிசுபிசுப்பு நிற்காது. நீலம் ஒத்துப்போகவில்லை. பழைய நிறம் வெயிலில் வெளுத்திருந்தது, புதியது பளிச்சென்று தெரிகிறது. அதற்காக நான் மெனக்கெடவில்லை.

நங்கூரம் குத்திய ஓட்டை

இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே, விலாவில் மூன்று செ.மீ., உள்ளே கை தாராளமாகப் போகும், ஈரமும் இல்லை. வெளியே மெழுகு பூசிய சன்மைக்காவை டேப் போட்டு ஒட்டி, உள்ளிருந்து சரிவு தேய்த்து, ஜெல்கோட் முதலிலும் மேட் பிறகுமாக அடுக்கினோம். படகு முதலில் அச்சில் பிறந்த அதே வரிசை. கவனிக்க வேண்டியிருந்தது ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல ஓடிய கீறல்களை. ஜெல்கோட்டோடு நிற்கும் கீறல் என்றால் தேய்த்தால் மறைந்துவிடும். இரண்டு கீறல் இழைக்குள்ளும் இறங்கியிருந்தன, அந்த அளவுக்கு ஒட்டைப் பெரிதாக்கினோம்.

பின்பலகையின் 8 மி.மீ. துளை

"அது ஸ்க்ரூ துளை தம்பி, நாலு வருஷமா ஒரு சொட்டு உள்ள வரல" என்றார். உண்மைதான், படகுக்குள் வரவில்லை. பிளைவுட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்பக்கப் பைபரில், துளைக்கு நேராகவும் கீழேயும் பக்கவாட்டிலும் 4 மி.மீ. சோதனைத் துளைகள் போட்டோம். நல்ல இடத்தில் டிரில்லில் வெளிர் நிற மரத்தூள் உலர்வாக வரும். துளைக்குக் கீழே காபிப்பொடி நிறத்தில் ஈரக் குழம்பாக வந்தது, புளித்த வாடையோடு. பக்கவாட்டில் ஒரு சாண் தூரம்வரை அப்படியே. அதே பலகையில்தான் எஞ்சின் முழு எடையோடும் இழுவையோடும் தொங்குகிறது. அலையில் எகிறும்போது பின்பலகை விட்டுவிட்டால் எஞ்சினோடு படகின் பின்பக்கமும் போகும். கல் குத்திய ஓட்டையால் வரும் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், தண்ணீரை இறைத்துக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம். இது அப்படிச் சொல்லிவிட்டு வராது.

பிளைவுட் காய்ந்து இருந்திருந்தால் வேலை சுலபம்: துளையைப் பெரிதாக்கி, கெட்டிப்படுத்திய எபாக்சியால் (இன்னொரு வகை ரெசின்) நிரப்பி, வெளியே சின்ன ஒட்டு. இங்கே உள்பக்கப் பைபரைச் சன்னல் போல வெட்டித் திறந்து, உளுத்த மரத்தை உளியால் எடுக்க வேண்டியிருந்தது. வெளிப்பக்கப் பைபரைத் தொடவில்லை, அதுவே அச்சு. புதிய மரைன் பிளைவுட் துண்டுகளை இரண்டு அடுக்காக, மேலடுக்கின் இணைப்பும் கீழடுக்கின் இணைப்பும் ஒரே நேரில் வராதபடி படியாக வெட்டிப் பொருத்தினோம்.

இந்த இடத்தில் மட்டும் பாலியஸ்டரை விட்டுவிட்டு எபாக்சிக்கு மாறினேன். மரத்தில் எபாக்சியின் பிடிப்பு வேறு ரகம், விலை கூட என்றாலும் சிறு அளவுக்குத் தாங்கும். மாறினால் மேட்டையும் மாற்ற வேண்டும். மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகவே செய்தது, எபாக்சியில் அது கரையாது, மேட் விறைப்பாகவே நிற்கும். ஆகவே நெய்த கண்ணாடித் துணி. சன்னல் விளிம்புகளில் 8 மடங்கு சரிவு, எபாக்சிக்கு அது போதும். மேலே ஜெல்கோட் கிடையாது, பெயின்ட். பாலியஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும், எபாக்சி மேல் பாலியஸ்டர் அப்படிப் பிடிக்காது.

வெளியே சிலிக்கானை எடுப்பது தனிப் பாடு. பிளேடால் சுரண்டியபிறகும் கண்ணுக்குத் தெரியாத படலம் மிஞ்சும், அதன்மேல் எந்த ரெசினும் நிற்காது. துளையைச் சுற்றி நல்ல பைபர் தெரியும்வரை தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.

சோதனையும் மிச்சமும்

இறக்குவதற்கு முன் அசிட்டோன் தொட்ட துணியால் ஒட்டுகளைத் துடைத்துப் பார்த்தோம், பிசுபிசுப்பு எங்கும் வரவில்லை, ரெசின் முழுக்க இறுகியிருந்தது. சுத்திக் கைப்பிடிச் சத்தம் ஒட்டின் மேலும் பக்கத்திலும் ஒன்றாக இருந்தது. பிறகு மீன் பெட்டிக்கு அடியில் பார்வைத் துளை வழியாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, வெளியே உலர்ந்த ஒட்டில் ஈரக் கோடு தெரிகிறதா என்று பார்த்தோம். கடலில் இறக்கி உள்ளே தண்ணீர் தேடுவதைவிடக் கரையில் வெளியே தேடுவது எளிது. ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரை இறைத்துக் காய வைத்து, ஃபோமுக்குப் பதிலாகக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கேன்களை வரிசையாக அடுக்கிக் கட்டினோம். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் திருகு மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்க்கலாம்.

ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) பின்முனை மணலில் இழுபட்டுத் தேய்ந்து மெலிந்திருக்கிறது. அது இந்த விபத்தால் வந்ததில்லை, அடுத்த முறை கரையேற்றும்போது செய்வதாகப் பேச்சு. மீன் காட்டும் கருவியின் சென்சாருக்கு மட்டும் அப்போதே ஒரு வழி செய்தோம். மிச்ச மேட்டில் 15 மி.மீ. கனத்துக்கு ஒரு சின்னப் பைபர் கட்டை வார்த்து, பின்பலகையின் வெளியே எபாக்சியால் ஒட்டினோம். ஸ்க்ரூ 12 மி.மீ.க்கு மேல் உள்ளே போகாது. இனி கருவியை எத்தனை தடவை மாற்றிப் பொருத்தினாலும் துளை அந்தக் கட்டைக்குள்ளேயே நின்றுவிடும்.